மாத்திரையை மாற்றுவதற்கு முன்

"மூணு மாசமா கொடுத்துட்டிருக்கோம் டாக்டர். பெரிசா ஒண்ணும் தெரியல. வேற மாத்திரை மாத்திடலாமா?"

குழந்தைகள் மனநல மருத்துவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் அம்மா. பக்கத்து நாற்காலியில் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். விவாதத்துக்கு உரிய பையன் டாக்டரின் மேஜை மீதிருக்கும் ஸ்டேப்ளரைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பான். வெளியே பெஞ்சில் இருபது பேர் காத்திருப்பார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், இந்தக் கேள்விக்கான பதில் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லப்பட்டாக வேண்டும். சில டாக்டர்கள் உடனே வேறு மருந்து எழுதுவார்கள். சிலர் "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்" என்பார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். இரண்டுமே தவறாகவும் போகலாம்.

கவனக் குறைவும் மிகை இயக்கமும் கொண்ட கோளாறு என்று தமிழில் சொல்லப்படும் ஏ.டி.எச்.டி.யில் இந்த முடிவு சிரமமாக இருப்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. சர்க்கரைக்கு ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும். ஒரு குழந்தையின் கவனத்தை அளக்க எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. வகுப்பு டீச்சர் டைரியில் எழுதும் குறிப்பு, வீட்டுப்பாடத்துக்கு ஆகும் நேரம், அம்மாவின் பொறுமை, குழந்தை தானாகச் சொல்லும் ஒரு வார்த்தை, இவைதான் அளவுகோல்கள். அளவுகோல் மங்கலாக இருந்தால் முடிவும் மங்கலாகத்தான் இருக்கும். மாற்றலாமா என்று கேட்பதற்கு முன்னால், இப்போது கொடுப்பது ஏன் போதவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த ஒரு படிதான்.

கையில் இருப்பது என்ன?

இந்த மருந்துகளின் கதை தற்செயலாகத் தொடங்கியது. அமெரிக்காவில் ராட் ஐலண்ட் மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், தன் மருத்துவமனையில் இருந்த குழந்தைகளுக்கு ஆம்ஃபெடமின் வகையைச் சேர்ந்த பென்ஸெட்ரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஊக்க மருந்தைச் சாப்பிட்ட குழந்தைகள் மேலும் துள்ளுவதற்குப் பதிலாகப் பாடத்தில் அமர்ந்தார்கள். 1937-ல் அவர் இதைப் பிரசுரித்தார். 1944-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிஸோன் என்ற வேதியியலாளர் மெதில்பெனிடேட்டை உருவாக்கினார். அவருடைய மனைவி மார்கரீட்டாவின் செல்லப் பெயர் ரீட்டா. 1950-களில் விற்பனைக்கு வந்தபோது மருந்துக்கு ரிட்டலின் என்று பெயர் வைத்தது அவர் நினைவாகத்தான். ஊக்க மருந்து வகையில் சேராத அட்டமாக்ஸெட்டின் 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மேல்நாட்டு டாக்டர்கள் கையில் ஒரு டஜன் தேர்வுகள் உண்டு. இந்தியாவில் பட்டியல் சின்னது. முதல் வரிசையில் மெதில்பெனிடேட், அடுத்து அட்டமாக்ஸெட்டின். இவற்றுக்குத் துணையாகவோ, இவை ஒத்துக்கொள்ளாதபோதோ குளோனிடின் போன்ற சில. ஆம்ஃபெடமின் வகை மருந்துகள் இங்கே விற்பனையில் இல்லை. ஆகவே "வேறு மாத்திரை" என்று நாம் சொல்லும்போது நடைமுறையில் அதற்கு நான்கைந்து அர்த்தங்கள்தான் இருக்க முடியும். அதே மருந்தின் அளவை மாற்றுவது. அதே மருந்தை நீண்ட நேரம் வேலை செய்யும் வடிவில் கொடுப்பது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது. இன்னொன்றைச் சேர்ப்பது. அல்லது நிறுத்திப் பார்ப்பது. இவற்றில் எது தேவை என்று தெரியாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் பணமும் மாதங்களும் வீண்.

இரண்டு முக்கிய மருந்துகளும் வேலை செய்யும் விதமே வேறு. மெதில்பெனிடேட் கேஸ் அடுப்பு மாதிரி. சாதாரண மாத்திரையைக் காலையில் விழுங்கினால் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வேலை தொடங்கும். சுமார் நான்கு மணி நேரத்தில் அணைந்துவிடும். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் உடனுக்குடன் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவு பலன் தருகிறதா என்பது சில நாட்களிலேயே தெரிந்துவிடும். அட்டமாக்ஸெட்டின் தயிர் உறைவது மாதிரி. அது முக்கியமாக நார்அட்ரினலின் மீது வேலை செய்கிறது. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம், முழுப் பலனுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். உறை ஊற்றிய பாத்திரத்தை மணிக்கொரு தரம் கரண்டி விட்டுக் கலக்கிப் பார்த்தால் தயிர் உறையாது. பத்தாவது நாளே "இது சரியில்லை" என்று அட்டமாக்ஸெட்டினைக் கைவிடுகிறவர்கள் செய்வது அதைத்தான்.

579 குழந்தைகள் சொன்ன பாடம்

இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட ஆய்வு 1999 டிசம்பரில் வெளியானது. அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தின் ஆதரவில், ஏழிலிருந்து ஒன்பது வயது வரையிலான 579 குழந்தைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 14 மாதங்கள் கவனிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, ஒரு குழுவுக்கு நடத்தைப் பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவினரை அவரவர் ஊர் டாக்டரிடமே விட்டுவிட்டார்கள்.

மருந்துக் குழுவில் இருந்தவர்கள் நான்காவது குழுவைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், ஊர் டாக்டரிடம் போன குழந்தைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் மருந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பெரும்பாலும் அதே வகை மருந்து. அப்படியிருந்தும் ஏன் வித்தியாசம்? ஆய்வுக் குழுவின் டாக்டர்கள் முதல் மாதம் முழுவதும் வெவ்வேறு அளவுகளைக் கொடுத்துப் பார்த்து ஒவ்வொரு குழந்தைக்கும் சரியான அளவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு மாதம் தவறாமல் அரை மணி நேரம் பார்த்தார்கள். டீச்சரிடம் விசாரித்தார்கள். பெரும்பாலும் மூன்று வேளை கொடுத்தார்கள். ஊர் டாக்டர்களிடம் இரண்டு வேளை, குறைவான அளவு, எப்போதாவது ஒரு சந்திப்பு.

மருந்து ஒன்றே. பார்த்துக்கொண்ட விதம் வேறு. மாத்திரையை மாற்ற நினைக்கும் ஒவ்வொரு பெற்றோரும் இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று மாதம் கொடுத்தும் பலனில்லை என்று சொல்லப்படும் பல மருந்துகள் உண்மையில் ஒழுங்காகக் கொடுத்தே பார்க்கப்படாதவை.

ஐந்து கேள்விகள்

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? டாக்டரிடம் போவதற்கு முன்பு ஐந்து கேள்விகளுக்கு வீட்டிலேயே பதில் தேடலாம்.

முதலாவது, அளவு. மெதில்பெனிடேட் வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கப்பட்டு, வாரத்துக்கு 5 அல்லது 10 என்று தேவைக்கு ஏற்ப உயர்த்தப்படுகிறது. ஆரம்ப அளவு என்பது உடம்பு தாங்குகிறதா என்று பார்க்கத்தான். நம் வீடுகளில் அந்த ஆரம்ப அளவிலேயே ஆறு மாதம் ஓடுவது உண்டு. "ஸ்ட்ராங் மருந்து, கூட்டாதீங்க" என்று பெற்றோர் கேட்டுக்கொள்வார்கள், டாக்டரும் சரி என்று விட்டுவிடுவார். அட்டமாக்ஸெட்டினை எடுத்துக்கொண்டால் இன்னொரு விஷயம். குழந்தைகளுக்கு அது எடையைப் பொறுத்துக் கொடுக்கப்படுகிறது; தொடக்கத்தில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், பிறகு சுமார் 1.2. எட்டு வயதில் 25 கிலோ இருந்த பையன் பன்னிரண்டு வயதில் 40 கிலோ ஆகிறான். சட்டை சின்னதாகிவிட்டது என்று புதிதாகத் தைக்கிறோம். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. "முன்னாடி நல்லா வேலை செஞ்சுது, இப்ப இல்ல" என்பதன் ரகசியம் சில சமயம் இவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக அளவைக் கூட்டிவிடக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி எது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

இரண்டாவது, நேரம். ஸ்கூல் பஸ் ஏழு மணிக்கு என்றால் மாத்திரை ஆறரைக்குப் போடப்படுகிறது. பத்தரை, பதினொன்றுக்கு அது தீர்ந்துவிடும். கணக்குப் பாடம் மதியம் இரண்டு மணிக்கு. கணக்கு டீச்சர் புகார் எழுதி அனுப்புகிறார். தமிழ் டீச்சருக்கோ முதல் பீரியட். அவர் "இப்பல்லாம் ரொம்ப நல்லா இருக்கான்" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இந்தக் குழந்தைக்குத் தேவை இன்னொரு வேளையோ, எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை செய்யும் நீண்டநேர மாத்திரையோ ஆக இருக்கலாம். மருந்தின் பெயர் மாற வேண்டியதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அழுகை, எரிச்சல், தங்கையிடம் சண்டை என்றால், அது மருந்து இறங்கும் நேரத்தின் எதிரொலியா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒழுங்கு. பாட்டிக்குத் தெரியாமல் கொடுக்கும் மாத்திரை பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கும் பதினைந்து நாளும் நின்றுபோகும். "லீவு நாள்தானே" என்று சனி, ஞாயிறு விடப்படும். மெதில்பெனிடேட்டில் டாக்டர் சொல்லி இடைவெளி விடுவது உண்டு. அட்டமாக்ஸெட்டினை அப்படி விட்டுவிட்டுக் கொடுத்தால் அது உறையவே உறையாது.

நான்காவது, கடை. "அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்ல சார், இது அதே மருந்துதான்" என்று மருந்துக்கடைக்காரர் வேறு அட்டையை நீட்டுவார். சாதாரண மாத்திரையில் இது பெரிய பிரச்சனை இல்லை. நீண்டநேர மாத்திரைகள் அப்படியல்ல. உள்ளே இருக்கும் மருந்து எந்த வேகத்தில் வெளிவருகிறது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி நுட்பம் வேறு. அமெரிக்காவில் ஒரு நீண்டநேர மெதில்பெனிடேட்டுக்கு மாற்றாக விற்கப்பட்ட இரண்டு தயாரிப்புகள் அசலுக்கு இணையாக வேலை செய்யாமல் இருக்கக்கூடும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2014-ல் சொன்னது. ஆகவே பலன் திடீரென்று குறைந்த தேதியையும் கடையில் அட்டை மாறிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமலே ஒரு மாற்றம் ஏற்கெனவே நடந்திருக்கலாம்.

ஐந்தாவதுதான் கஷ்டமான கேள்வி. இந்த மருந்திடம் நாம் எதிர்பார்ப்பது என்ன? கவனத்தை உட்கார வைப்பது மட்டுமே அதன் வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் குழந்தைக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கலாம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். இரவு பன்னிரண்டு மணிவரை மொபைல் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு எழுப்பப்படும் குழந்தைக்குத் தேவை தூக்கம். பயந்த சுபாவம், காது மந்தம், கண் பார்வை, ரத்த சோகை, வீட்டில் நடக்கும் சண்டை, எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். அறுபது மார்க் வாங்கும் பையனைத் தொண்ணூறு வாங்க வைக்கும் மாத்திரையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதை எதிர்பார்த்து மாற்றிக்கொண்டே போனால் மருந்துகள் தீரும், எதிர்பார்ப்பு தீராது.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

இதெல்லாம் பார்த்த பிறகும் பலன் இல்லையென்றால், அல்லது பலனைவிடத் தொந்தரவு அதிகம் என்றால், மாற்றத் தயங்கக் கூடாது. பொறுமை என்ற பெயரில் ஒரு கல்வியாண்டைக் கரைப்பதும் தவறுதான். பிரிட்டனில் 2018-ல் வெளியான வழிகாட்டு நெறிகள் இதற்கு ஒரு கணக்கு சொல்கின்றன. ஐந்து வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு முதலில் மெதில்பெனிடேட். போதுமான அளவில் ஆறு வாரம் கொடுத்தும் தேவையான பலன் இல்லையென்றால் அடுத்ததை யோசிக்கலாம். அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை மருந்தே அல்ல, பெற்றோருக்கான பயிற்சி. "ஆறு வாரம்" என்ற சொல்லோடு "போதுமான அளவில்" என்ற சொல்லும் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள்.

மாற்றினால் பலன் கிடைக்குமா? 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறிலிருந்து பதினாறு வயது வரையிலான 516 பேர் இருந்தார்கள். நீண்டநேர மெதில்பெனிடேட் சாப்பிட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கும் அட்டமாக்ஸெட்டின் சாப்பிட்டவர்களில் 45 சதவீதம் பேருக்கும் நல்ல பலன் தெரிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 24 சதவீதம். பிறகு, மெதில்பெனிடேட்டில் பலன் காணாத 70 பேருக்கு அட்டமாக்ஸெட்டின் கொடுத்தபோது அவர்களில் 30 பேர் முன்னேறினார்கள். ஒரு கதவு திறக்கவில்லை என்றால் அடுத்ததும் பூட்டியிருக்கும் என்று அர்த்தமில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாதது குழந்தையின் குற்றமும் அல்ல, வளர்ப்பின் குற்றமும் அல்ல. உடம்புக்கு உடம்பு வித்தியாசம்.

தொந்தரவுகளைப் பொறுத்தவரை, எது சமாளிக்கக்கூடியது, எது மாற்ற வேண்டியது, எது ஓட வேண்டியது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது உதவும்.

பசி குறைவது, மெதில்பெனிடேட்டில் அடிக்கடி வரும் புகார். டிபன் பாக்ஸ் திரும்பி வரும் கனத்திலேயே அம்மாவுக்கு இது தெரிந்துவிடும். மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் காலைச் சாப்பாடு, மருந்து இறங்கிய பின் இரவு நல்ல சாப்பாடு என்று நேரத்தை மாற்றினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனால் மாதா மாதம் எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் குறித்து வைக்க வேண்டும். மேலே சொன்ன 579 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், மூன்றாண்டு விடாமல் மருந்து சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிடச் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் குறைவாக இருந்தார்கள். பயப்படுகிற அளவு அல்ல. கவனிக்காமல் விடுகிற அளவும் அல்ல. அட்டமாக்ஸெட்டினில் வயிற்றுப் புரட்டலும் தூக்கக் கலக்கமும் வரும். சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பதோ, டாக்டரைக் கேட்டு மாலைக்கு மாற்றுவதோ பலருக்குப் போதுமாகிறது.

எடை தொடர்ந்து இறங்குவது, தூக்கம் கெட்டுப்போவது, கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற வெட்டிழுப்புகள் கூடுவது, கலகலப்பான குழந்தை உயிரில்லாத பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பது, இவையெல்லாம் அளவைக் குறைக்க அல்லது மருந்தை மாற்றத் தகுந்த காரணங்கள். குறிப்பாகக் கடைசியாகச் சொன்னது. வகுப்பில் சத்தமே இல்லை என்று பள்ளிக்கூடம் மகிழ்ச்சியடையலாம். வீடு மகிழ்ச்சியடையக் கூடாது.

நெஞ்சு வலி, மயங்கி விழுவது, படபடப்பு, மஞ்சள் காமாலையின் அறிகுறி, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்ற பேச்சு, இவை அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாதவை. அட்டமாக்ஸெட்டின் சாப்பிடும் சிறுவர்களில் மிகச் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தலைகாட்டலாம் என்ற எச்சரிக்கை 2005-லிருந்து அமெரிக்காவில் பெட்டிச் செய்தியாகவே அச்சிடப்படுகிறது. அப்படி நேர்வது அரிது. ஆனால் முதல் சில வாரங்கள் குழந்தையின் மனநிலையைக் கவனிப்பது யாருடைய வேலை என்று வீட்டில் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்பில் இறந்தவர்கள் இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மாற்றும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மருந்தையும் மாற்றி, ட்யூஷனையும் மாற்றி, ஸ்கூலையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று யாருக்கும் தெரியாது. அட்டமாக்ஸெட்டினுக்குப் போகும்போது அது நிலைக்கும்வரை பழைய மருந்தையும் சில வாரங்கள் டாக்டர் தொடரச் சொல்லலாம். இரண்டு அட்டைகளைப் பார்த்துப் பதற வேண்டாம். குளோனிடினை ஒருபோதும் திடீரென்று நிறுத்தக் கூடாது; ரத்த அழுத்தம் எகிறும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது மருந்தை மாற்றுவது, பாதி ஆற்றில் பரிசலை மாற்றுவது போல. அவசரக் காரணம் இல்லையென்றால் தேர்வு முடியட்டும். அதற்காக முழு ஆண்டு விடுமுறையில் மாற்றினால் வகுப்பறையில் எப்படி இருக்கிறான் என்பது தெரியாமலே போகும். பள்ளி திறந்து பாடங்கள் சூடுபிடித்த பிறகு, அடுத்த பெரிய தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும் காலம்தான் தோதானது.

இதற்கெல்லாம் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு. மாத்திரை போட்ட நேரம், சாப்பாடு, தூங்கிய நேரம், வீட்டுப்பாடத்துக்கு ஆன நேரம், டீச்சர் சொன்ன ஒரு வரி. நாளைக்கு ஐந்து வரிகள் போதும். மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம், மாற்றிய பின் ஆறு வாரம். ஐந்து நிமிடம் மட்டுமே ஒதுக்க முடிகிற டாக்டரிடமிருந்து நல்ல முடிவைப் பெற இதைவிட மலிவான கருவி கிடையாது.

பெரியவர்களும், திரும்பி வந்தவர்களும்

இது குழந்தைகளின் விஷயம் மட்டுமல்ல. பையனைப் பரிசோதிக்கப் போன இடத்தில் "எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று அப்பாவோ அம்மாவோ சொல்ல, முப்பத்தைந்து வயதில் தன் பெயரையும் கண்டுபிடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்த அழுத்தம், கர்ப்பம், ஏற்கெனவே சாப்பிடும் மற்ற மருந்துகள் என்று கணக்கு இன்னும் விரிகிறது. ஒரு உதாரணம்: மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்றவை கல்லீரல் அட்டமாக்ஸெட்டினைக் கரைக்கும் வேகத்தைக் குறைத்து, ரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடக் கூடும். எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே டாக்டரிடம் காட்டாமல் மாற்றுவது ஆபத்து.

அமெரிக்காவிலிருந்து திரும்பி பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ குடியேறும் குடும்பங்களுக்குச் சிக்கல் வேறு விதம். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆம்ஃபெடமின் வகை மருந்து இங்கே இல்லை. 2022 அக்டோபரில் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்டபோது அமெரிக்காவிலேயே பலர் கட்டாயமாக மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. இங்கே வருகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் நிரந்தரம். அண்ணனிடம் சொல்லிக் கூரியரில் வரவழைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆம்ஃபெடமினும் மெதில்பெனிடேட்டும் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. அனுமதியின்றி இறக்குமதி செய்வது குற்றம். ஊர் திரும்புவதற்கு மூன்று மாதம் முன்பே அங்குள்ள டாக்டரிடம் பேசி, இங்கே கிடைக்கும் மருந்துக்கு அங்கேயே மாறி நிலைபெற்று வருவதுதான் புத்திசாலித்தனம்.

அதே சட்டத்தின் நிழல் நம் சிற்றூர்களிலும் விழுகிறது. பதிவேடு, சீட்டு என்ற கெடுபிடிக்குப் பயந்து பல கடைகள் மெதில்பெனிடேட்டை வாங்கி வைப்பதே இல்லை. மாதா மாதம் பஸ் ஏறி நகரத்துக்குப் போய் வாங்க முடியாத குடும்பம், உள்ளூரில் கிடைக்கும் அட்டமாக்ஸெட்டினுக்கு மாறுவது நியாயமான முடிவே. பாதி நாள் கிடைக்கும் சிறந்த மருந்தைவிட எல்லா நாளும் கிடைக்கும் இரண்டாவது மருந்து மேல். இதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். விலையும் அப்படித்தான். நீண்டநேர மாத்திரை கட்டுப்படியாகாவிட்டால், சாதாரண மாத்திரையை இரண்டு மூன்று வேளையாகக் கொடுக்க முடியுமா, மதிய வேளையைப் பள்ளியில் யார் கொடுப்பார்கள் என்று பேசலாம். பக்கத்தில் மனநல மருத்துவரே இல்லாதவர்கள் மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசுகிறார்கள், எங்கே போவது என்ற வழியாவது தெரியும்.

கடைசியாக, இந்த விவாதத்தில் பெரும்பாலும் கேட்கப்படாத ஒருவர் இருக்கிறார். பதின்மூன்று வயதுப் பெண், "இதைப் போட்டா மார்க் வருதும்மா, ஆனா எனக்குச் சிரிப்பே வரல" என்று சொன்னால் அது எந்த டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கும் குறையாத தகவல். "எல்லாரும் என்னைப் பைத்தியம்னு சொல்வாங்க" என்று பையன் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிறான் என்றால், மாற்ற வேண்டியது மருந்தை அல்ல. அவனிடம் யாரோ உட்கார்ந்து பேச வேண்டும். என்ன சாப்பிடுகிறோம், எதற்கு, எவ்வளவு நாள் என்று தெரிந்த குழந்தை ஒத்துழைக்கும். ஒளித்துக் கொடுக்கப்படும் மாத்திரையைக் குழந்தையும் ஒளித்துத் துப்பும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, இன்னும் தேவையா என்று டாக்டரோடு சேர்ந்து நிறுத்திப் பார்க்கும் வழியும் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பக்கத்தைக் குழந்தையிடமே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை.